எட்டாம் நம்பருக்குப் பெரிய சைஸ் இல்லை

ஜப்பான்காரர் பெயர் போட்ட பனியனை ஜப்பான்காரர்கள்தான் வாங்குவார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைத் திருப்பூரிலிருந்து ஸ்விட்சர்லாந்து வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

விஷயம் இதுதான். லூசர்ன் பக்கத்தில் ஒரு கால்பந்து அணிக்கு, ரசிகர்கள் போட்டுக்கொள்ளும் சட்டைகளை எங்கள் பனியன் கம்பெனி தைத்து அனுப்புகிறது. முதுகில் வீரரின் பெயரும் நம்பரும் இருக்கும். அணியின் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம், ஆகவே கேட்காதீர்கள். ஒவ்வொரு வீரருக்கும் மொத்தம் எத்தனை பீஸ் என்று ஆர்டர் கொடுக்கிற பையர் சொல்லிவிடுவார். அதில் சின்ன சைஸ் எத்தனை, பெரிய சைஸ் எத்தனை என்கிற ரேஷியோவை, பழகிய பையராக இருந்தால், நம்மிடமே விட்டுவிடுவார்.

போன சீசனில் அதை என்னிடம் விட்டார்கள். மற்ற வீரர்களுக்கெல்லாம் வழக்கமான ரேஷியோ போட்டேன். எட்டாம் நம்பருக்கு மட்டும் என் புத்தியைக் காட்டினேன். பெயர் தானிமோரி, ஊர் ஜப்பான். சுற்றுலா வருகிற ஜப்பான்காரர்கள் ஆசையாக வாங்கிப்போவார்கள், எல்லோரும் ஒல்லியாகத்தான் இருப்பார்கள் என்று ஸ்மாலையும் மீடியத்தையும் குவித்து, பெரிய சைஸை இலை ஓரத்து ஊறுகாய் மாதிரி வைத்து அனுப்பினேன்.

சீசன் பாதியில் பையரிடமிருந்து மெயில் வந்தது. எட்டாம் நம்பரில் பெரிய சைஸ் ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது, சின்ன சைஸ் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது, அடுத்த சீசனுக்குப் போர்ச்சுகலில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று மூன்றே வரி. அந்த ஆர்டர் போனால் எங்கள் இரண்டாவது யூனிட்டில் ஒரு முழுத் தையல் லைன் நின்றுபோகும். அதில் நாற்பது பெண்கள். பாதிப்பேரை வேலைக்குச் சேர்த்ததே நான்.

முதலாளி கத்தவில்லை. "கலாமணி, நீங்களே ஒரு நடை போயிக் கண்ணால பாத்துட்டு வந்துருங்க" என்றார். கத்தியிருந்தால் தேவலை.

செவ்வாய்க்கிழமை மதியம் லூசர்ன் ஸ்டேஷனில் இறங்கினேன். என்னை அழைத்துப்போக சிவநேசன் என்று ஒருவர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். பையருடைய சரக்குக் கிட்டங்கியில் வேலை செய்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே இருப்பவர். கையில் பெயர் அட்டை எதுவும் இல்லாமல் நின்றார். என்னைக் கண்டதும் வணக்கம்கூடச் சொல்லாமல் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். எட்டு, தானிமோரி. ஸ்வெட்டருக்கு மேல் மாட்டியிருந்த அந்த மீடியம் சட்டை, அவருடைய தொப்பைக்கு முன்னால் தன் தையலையெல்லாம் பிடித்துக்கொண்டு போராடியது.

"இது நீங்கள் தைச்ச சட்டைதானே, பிள்ளை? மூச்சு விட ஏலாமல் கிடக்கு" என்றார்.

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்றேன். வந்திறங்கி நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அதுக்கென்ன. தையல் நல்ல தையல், ஒரு நூல்கூட அறேல்லை" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் கடைக்கு நானே பஸ்ஸில் போகிறேன் என்று வீரம் பேசினேன். மேலே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடுகிற பஸ். கண்டக்டர் கிடையாது, விசில் கிடையாது. என் நிறுத்தம் வந்தது. கதவருகில் போய் நின்றேன். திருப்பூர் டவுன்பஸ்ஸில் இந்நேரம் பின்னாலிருந்து நாலு பேர் என்னைத் தள்ளி இறக்கியிருப்பார்கள். இங்கே கதவு சும்மா இருந்தது, நானும் சும்மா இருந்தேன், பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்திலும் இதே கதை. மூன்றாவதில் ஒரு வயதான அம்மாள் எழுந்துவந்து, கதவில் இருந்த பொத்தானில் என் விரலைப் பிடித்து வைத்து அமுக்கினார்.

நன்றி சொல்லக் குனிந்தபோதுதான் அவருடைய நாயைப் பார்த்தேன். சிவப்புச் சட்டை போட்டிருந்தது. எட்டு, தானிமோரி, ஸ்மால். கழுத்துப் பட்டியில் எங்கள் யூனிட்டின் இரட்டைத் தையல். "என் அளவில் கிடைக்கவில்லை, அதனால் இவனுக்கு வாங்கினேன்" என்றார் ஆங்கிலத்தில். நாய்க்கு ரொம்பப் பொருத்தமாக இருந்தது. அதையும் சொல்லவேண்டும்.

பையரின் பெயர் ரெகுலா. ஐம்பது வயதிருக்கும், நரைத்த குட்டை முடி, என்னைவிட ஒன்றரை அடி உயரம். காபி கொடுத்தார், பிறை மாதிரி வளைந்த ரொட்டி ஒன்றும் கொடுத்தார், பிறகு கிட்டங்கியைக் காட்டினார். என் கையெழுத்துப் போட்ட பெட்டிகள் கூரைவரை நின்றன. எல்லாம் ஸ்மால். பெற்ற பிள்ளைகளை ஸ்கூலில் முட்டிபோட வைத்ததைப் பார்ப்பதுபோல் இருந்தது.

கடைச் சுவரில் வீரர்களின் ஆளுயரப் படங்கள். பதினோரு மாதமாகப் பெயரை அச்சடித்துக்கொண்டிருக்கிறேனே தவிர, ஆளை அன்றுதான் பார்க்கிறேன். தானிமோரி ஆறடிக்கு மேல் இருந்தார். தோள் அகலம் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத் தொழில், முதுகைப் பார்த்தே சைஸ் சொல்லிவிடுவேன். டபுள் எக்ஸெல். நான் அனுப்பியதில் முக்கால்வாசிச் சட்டை, அதில் பெயர் இருக்கிறவருக்கே நுழையாது.

"மற்றவர்கள் எப்படிப் போகிறார்கள்?" என்று கேட்டேன். ரெகுலா ஒவ்வொரு படமாகக் காட்டிச் சொன்னார். ஒன்பதாம் நம்பர், கோல் எல்லாம் அடிப்பவர், அடிக்கிற வாரம் விற்பார். பத்தாம் நம்பர் தேசிய அணியில் ஆடுகிறவர், பிள்ளைகள் கேட்பார்கள். கோல்கீப்பர் இந்த ஊர்க்காரர், அவருக்குச் சொந்தக்காரர்கள் நிறைய. எட்டாம் நம்பர் ஒரு சீசனுக்கு இரண்டு கோல் அடித்தால் பெரிது, ஆனால் மற்ற மூவரின் விற்பனையைச் சேர்த்தாலும் இவருக்குப் பக்கத்தில் வராது.

ஏன் என்று கேட்டேன். "பஸ்" என்றார். பிறகு மேஜையில் இருந்த நோட்டை மூடிவிட்டு, "நாளைக்கு அவருக்கு டிரைவிங் தேர்வு. தேறிவிட்டால் காரில் போவார். காரில் போகிற எட்டாம் நம்பர் எப்படி விற்கும் என்று எனக்குத் தெரியாது. எட்டாம் நம்பர் படுத்துவிட்டால் மொத்த ஆர்டரே சின்னதாகிவிடும், அவ்வளவு சின்ன ஆர்டருக்குப் போர்ச்சுகல் பக்கம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வாருங்கள். ஆட்டம் முடிந்த பிறகு சொல்கிறேன்" என்றார்.

ஒன்றும் புரியாமல் எம்மன்புரூக்கே என்கிற பக்கத்து ஊருக்குப் போனேன். அங்கே சிவநேசன் வீட்டில் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு. அவர் மனைவி மலர் அக்கா இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்திருந்தார். நம் ஊர் இடியாப்பம் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கண்டது. அதைச் சொதியில் மிதக்கவிட்டுச் சாப்பிடலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஏழாவதை எடுக்கும்போதுதான் பஸ் கதையைக் கேட்டேன்.

"அது பிள்ளை, அந்தாளுக்கு லைசென்ஸ் இல்லை" என்றார் சிவநேசன். "ஆட்டம் முடிஞ்சால் மற்றவையள் நிலத்துக்குக் கீழை இருக்கிற கராஜாலை காரிலை போயிடுவினம். கண்ணாடியும் கறுப்பு. வெண்டாலும் போயிடுவினம், தோத்தாலும் போயிடுவினம். இவர் என்ன செய்யிறது? எங்களோடை பஸ் ஸ்டொப்பிலை நிக்கவேணும். போன வருசம் தோல்வியெண்டால் தோல்வி. ஒவ்வொரு கிழமையும் தோத்துப்போட்டு, பஸ் வருமட்டும் பன்ரெண்டு நிமிசம் எங்கடை மூஞ்சியளைப் பாத்துக்கொண்டு மழைக்கை நிப்பார்."

"திட்ட மாட்டாங்களாண்ணே?"

"முதல் நாள் பேசாத பேச்சில்லை. இவர் குனிஞ்சு கேட்டுக்கொண்டு நிண்டார். பிறகு, 'நான் எங்கை பிழை விட்டனான்?' எண்டு இந்த ஊர்ப் பேச்சிலையே கேட்டாரே! ஒரு கிழவன் குடையை மடிச்சுப்போட்டு, அந்தக் குடையாலை நிலத்திலை கீறிக் காட்டினான், இப்பிடி நிண்டிருக்கவேணும் எண்டு. அடுத்த கிழமை இவர் அப்பிடியே நிண்டார். அண்டைக்கும் தோல்விதான், ஆனால் கிழவன் அழுதுபோட்டான்."

மலர் அக்கா இடையில் புகுந்தார். "இவருக்கு அந்த மனிசனிலை ஏன் அவ்வளவு பட்சம் எண்டு கேளுங்கோ. இவரும் லைசென்ஸ் சோதினையிலை ரெண்டு தரம் கோட்டை விட்டவர்."

"ஓம், விட்டனான். வந்த புதுசிலை. பாசை விளங்கேல்லை, சோதிக்கிறவர் இடப்பக்கம் எண்டு சொல்ல நான் வலப்பக்கம் ஒடிச்சன்" என்று சிவநேசன் வெட்கமில்லாமல் ஒத்துக்கொண்டார். "மூண்டாம் தரமும் விட்டால் பிறகு லேசிலை ஏலாது. தானிக்கு நாளைக்கு மூண்டாம் தரம்."

அன்று இரவு அங்கேயே தங்கிவிட்டேன். மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுச் சாமித்தட்டில் மலர் அக்கா தானிமோரி தேறவேண்டும் என்று பிள்ளையாருக்கு ஒரு விளக்கு ஏற்றினார். பக்கத்தில் கண்ணை மூடி நின்ற நான், அந்த மனிதர் இன்னும் ஒரே ஒரு தடவை தேறாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நாற்பது பெண்களை நினைத்துத்தான் வேண்டினேன். இருந்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது. யாருக்கும் கெடுதல் நினைக்காதவள் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையார் மலர் அக்கா பக்கம் சாய்ந்தார். மதியம் நாங்கள் கடைக்குப் போகிற பஸ்ஸில் ஒலிபெருக்கி கரகரத்தது. அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். டிரைவர் நாலே வார்த்தை சொன்னார். பஸ்ஸில் பாதிப்பேர் கை தட்டினார்கள், மீதிப் பாதி "ஆ..." என்று பெருமூச்சு விட்டார்கள்.

"எட்டாம் நம்பர் பாஸ்" என்று சிவநேசன் எனக்கு மொழிபெயர்த்தார். அவர் கை தட்டவும் செய்தார், பெருமூச்சும் விட்டார். எங்களுக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதையும் சொன்னார். ஒருத்தி, "நல்லது, பாவம், எத்தனை நாள்தான் அலைவார்" என்றாளாம். மற்றவள், "இனி எப்போது பார்ப்போம்?" என்றாளாம்.

வெள்ளிக்கிழமை வேலை இல்லை. ஏரியைப் பார்த்தேன். அந்த ஏரியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். கரையில் ஒரு கடையில் சைவமாக என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, பெரிய பாலாடைக் கட்டியைத் தீயில் காட்டி, உருகியதை வேகவைத்த உருளைக்கிழங்கின்மேல் வழித்துப் போட்டுக் கொடுத்தார்கள். வாடை ஒரு மாதிரி. மூக்கைப் பிடித்துக்கொண்டு முதல் வாய், மூக்கை விட்டுவிட்டு மூன்று தட்டு. பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர் எட்டாம் நம்பர் சட்டையைப் போட முடியாமல், அதன் கைகளைத் தன் கழுத்தில் முடிச்சுப் போட்டு முதுகில் தொங்கவிட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு நாலாவது தட்டு கேட்கவில்லை.

சனிக்கிழமை மழை. மைதானத்தில் நான் ஆட்டம் பார்க்கவில்லை, முதுகு பார்த்தேன். ரெகுலாவிடம் ஒரு பேப்பரும் பென்சிலும் வாங்கிக்கொண்டு, படி இறங்குகிற ஒவ்வொரு முதுகையும் குறித்தேன். ஒன்பது, பத்து, எட்டு, எட்டு, ஒன்று, எட்டு. இத்தனை எட்டில் ஜப்பான் முகம் ஒன்றுகூட இல்லை. பால்பண்ணைக்காரர்கள், தபால்காரர்கள், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிற நம் ஆட்கள், இடுப்பில் கை வைத்த அகலமான அம்மாள்கள். ஒருவர் என் மீடியத்தை இரண்டு பக்கமும் கத்தரித்து, நடுவில் வேறு துணி வைத்துத் தைத்திருந்தார். தையல் கோணல்மாணல். கையில் ஊசி இருந்திருந்தால் அங்கேயே பிரித்துத் தைத்துக் கொடுத்திருப்பேன்.

ஆட்டத்தில் இரண்டு கோலில் தோற்றார்கள். இரண்டாவது கோலுக்குத் தானிமோரிதான் காரணம் என்று எனக்கே தெரிந்தது. பந்து ஒரு பக்கம் போனது, இவர் ஒரு பக்கம் போனார்.

முடிந்ததும் ரெகுலா, சிவநேசன், நான் மூன்று பேரும் பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். ஐம்பது அறுபது பேர் குடையோடு நின்றார்கள். யாரும் பஸ் வருகிற திசையைப் பார்க்கவில்லை, கராஜ் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் நம்பரின் பெரிய கறுப்புக் கார் போனது. பத்தாம் நம்பரின் கார் போனது. கோல்கீப்பர் மட்டும் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அப்புறம் ஒரு பழைய நீலக் கார் மெல்ல வெளியே வந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலை கூரையில் இடிக்க, தானிமோரி உட்கார்ந்திருந்தார்.

கார் பஸ் நிறுத்தத்துக்கு நேரே வந்தது. எங்களைத் தாண்டியது. போய்விட்டது.

சிவநேசன் சொன்ன குடைக் கிழவர் குடையை ஒரு தடவை தரையில் தட்டினார். ரெகுலா கைப்பையைத் திறந்து, ஆர்டர் எழுத வைத்திருந்த பேனாவை உள்ளே போட்டார். எங்கள் லைனில் கடைசி மெஷினில் உட்காரும் சரசுவிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று யோசித்தேன்.

அப்போதுதான் சிவநேசன், "பொறுங்கோ, சிக்னல் போட்டிருக்கு" என்றார்.

இருபது அடி தள்ளி, இரண்டு கார்களுக்கு நடுவில் ஓர் இடம். அந்த இடத்துக்குள் நீலக் கார் பின்னால் நுழையப் பார்த்தது. முன் சக்கரம் நடைபாதையில் ஏறி இறங்கியது. வெளியே வந்து மறுபடியும் நுழைந்தது. இந்தத் தடவை பின் பக்கம் ரோட்டில் நீட்டிக்கொண்டு நின்றது. பின்னால் எங்கள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. நிறுத்தத்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஓடினார்கள். ஆளுக்கு ஒரு பாஷையில் கத்தினார்கள். சிவநேசன் எல்லோருக்கும் முன்னால் போய்க் காரின் பின்பக்கம் நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"ஒடி, ஒடி, வலப்பக்கம் ஒடி! ஆ, நேர் எடு! பின்னாலை வா, பின்னாலை வா... காணும் காணும் காணும்!"

கார் உள்ளே போய் நின்றது. மைதானத்தில் அன்று கேட்காத கைதட்டல் ரோட்டில் கேட்டது. தானிமோரி இறங்கினார், கதவைப் பூட்டினார், பூட்டியதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு நடந்துவந்து, வழக்கமான இடத்தில், மழையில், எங்களோடு நின்றுகொண்டார். குடைக் கிழவர் குடையை மடக்கினார்.

"இரண்டாவது கோல்" என்று ஆரம்பித்துத் தரையில் கோடு இழுத்தார். தானிமோரி குனிந்து கேட்டார். பஸ் டிரைவர் கதவைத் திறந்துவைத்துவிட்டு அவரும் எட்டிப் பார்த்தார். இந்த நாட்டில் ஒரு பஸ் வேண்டுமென்றே தாமதமானதை நான் பார்த்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ரெகுலா பேனாவைத் திரும்பவும் வெளியே எடுத்தார். கண்ணாடியில் மழையா, கண்ணில் தண்ணீரா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. "எட்டாம் நம்பர் போன தடவையைப்போல இரண்டு மடங்கு. திருப்பூர்தான்" என்றார். "ரேஷியோ மட்டும் நான் போடுவேன்." அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகை முந்திக்கொண்டது.

பஸ் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது. தானிமோரி எங்களிடம் வந்து, எம்மன்புரூக்கே வழியாகத்தான் போகிறேன், ஏறுகிறீர்களா என்று கேட்டார். இடம் காட்டியவருக்கு மரியாதை. சிவநேசன் முன்னால் ஏறினார், நான் பின்னால். லைசென்ஸ் கிடைத்து இரண்டே நாளானவர் ஓட்டுகிற காரில் போவதற்கு, நம் ஊர் மினிபஸ் படிக்கட்டில் தொங்கலாம். கியர் மாற்றும்போதெல்லாம் கார் குலுங்கி, மூன்று பேரும் சேர்ந்து முன்னால் சாய்ந்து கும்பிடு போட்டோம்.

ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது சிவநேசன் என்னைக் காட்டி, "உங்கடை சட்டையைத் தைக்கிறது இவாதான்" என்று அவர்கள் ஊர்ப் பேச்சில் சொல்லி, எனக்கும் தமிழில் சொன்னார். எனக்குக் காரிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

தானிமோரி முழு உடம்போடும் திரும்பிப் பார்த்து, தலை குனிந்து வணங்கினார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு ஆங்கிலத்தில் கேட்டார். ஊரில் அவருடைய அப்பா அரிசிக்கடை வைத்திருக்கிறாராம். மகன் பெயர் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கடையில் உட்காரவேண்டும் என்று இரண்டு வருடமாக ஆசையாம். அனுப்பியதெல்லாம் தலைக்குக் கீழே இறங்கவில்லையாம்.

"அப்பா என்னைவிடப் பெரிய ஆள்" என்று ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் பைக்குள் கைவிட்டு, முதுகு எண்ணிய பேப்பரை எடுத்து அடியில் எழுதினேன்: ஜப்பான், டிரிபிள் எக்ஸெல், ஒன்று.